நடுவில் இழுத்து வைத்த புள்ளி

ஆஸ்பத்திரியில் அவளைப் புள்ளிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத பதிவேட்டு அறையில் அவள் வேலை. யார் யாரோடு தொடர்பில் இருந்தார்கள் என்று ஒரு பட்டியல் வரும். ஆளுக்கு ஒரு புள்ளி, தொடர்புக்கு ஒரு கோடு என்று அதைப் படமாக்கித் தர வேண்டும்.

கம்ப்யூட்டரே ஒரு நொடியில் படம் போட்டுவிடும்தான். ஆனால் அது பூனை உருட்டிய நூல்கண்டு மாதிரி இருக்கும். அதைப் பிரித்து உட்கார வைப்பதில்தான் அவள் கெட்டிக்காரி. ஒவ்வொரு புள்ளியாகப் பிடித்து நகர்த்துவாள். கோட்டின் மேல் கோடு ஏறக் கூடாது, எழுத்தின் மேல் எழுத்து உட்காரக் கூடாது, சம்பந்தமில்லாத புள்ளியைக் குத்திக்கொண்டு ஒரு கோடும் போகக் கூடாது. பார்த்தவுடனே புரிய வேண்டும், அவ்வளவுதான். ஒரு புள்ளிக்காக அரைமணி நேரம் மல்லுக்கட்டுவாள்.

புருஷனோடு ஒத்துவராமல், ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. இரண்டே அறை. அண்ணன் பஸ் ஓட்டுகிறார். அண்ணி அதே ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி நர்ஸ். வந்த அன்றைக்கு அண்ணி ஒரு கேள்வி கேட்கவில்லை. அலமாரியில் பாதியைக் காலி செய்துவிட்டு, "இது உன் பக்கம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வருஷம் மூன்றாவது மாடியில் ஒரு காய்ச்சல் கிளம்பியது. நல்லபடியாகத் தேறிக்கொண்டிருந்த நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராகச் சுருண்டு படுத்தார்கள். இரண்டு வாரத்தில் பத்தொன்பது பேர். ஒருவர் இறந்தும் போனார். விசாரணைக்குப் பட்டியல் கீழே வந்தது: பத்தொன்பது நோயாளிகள், இருபத்திரண்டு ஊழியர்கள். யாருக்கும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். வெளியே வாய் திறக்க மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தாள். கோடுகளின் மேல் தேதி போட்டால் படம் கசகசவென்று ஆனது, எடுத்துவிட்டாள். செ-7 என்ற ஊழியருக்குத்தான் அதிகக் கோடுகள், பதினேழு. ஓரத்தில் கிடந்த அந்தப் புள்ளியை நடுவில் இழுத்து வைத்ததும் மற்றக் கோடுகளெல்லாம் சிக்கல் பிரிந்து விரிந்துகொண்டன. அதைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். கண்ணில் படட்டும் என்று சிவப்பும் கொடுத்தாள்.

கண்காணிப்பாளர் பார்த்துவிட்டு, "பிரமாதம்! குழந்தைகூடப் புரிஞ்சிக்கும்" என்றார். கூட்டத்தில் பெரிய திரையில் போட்டார்கள். யாரோ போனில் படம் பிடித்தார்கள். மதியத்துக்குள் அது கேன்டீன், லிஃப்ட், வாசல் காவலாளி வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அன்று அவள் வீடு திரும்பியபோது, டூட்டியில் இருக்க வேண்டிய அண்ணி சமையலறையில் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, சீக்கிரம் வந்துட்டீங்க?"

"வார்டு பக்கமே வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. காய்ச்சலை நான்தான் எல்லாருக்கும் பரப்பினேனாம்." அண்ணி போனை நீட்டினாள். "இதைப் பாரு. நடுவுல சிவப்பா, குண்டா ஒண்ணு இருக்கே, அது நானாம். நம்பரை வச்சு கூட்டத்துலயே பேரைச் சொல்லிட்டாங்களாம். இத்தனை வருஷ சர்வீஸ்ல இன்னிக்குத்தான் நான் பெரும்புள்ளி ஆகியிருக்கேன்."

சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"எந்த மகராசி வரைஞ்சாளோ, நல்லா இருக்கட்டும்."

சொன்னால் கையெழுத்தை மீறியதாகும். சொல்லாவிட்டால் இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "காபி போடவா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பட்டியலைத் திறந்து, தேதி வாரியாக அடுக்கினாள். அப்போதுதான் கவனித்தாள். முதல் மூன்று பேருக்குக் காய்ச்சல் கண்ட நாட்களையும் சேர்த்து நான்கு நாள் செ-7 வேலைக்கே வரவில்லை. அந்த நான்கு நாளும் அண்ணி லீவு போட்டு, சமையலறைச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள். இவள்தான் ஏணியைப் பிடித்தாள். அண்ணிக்கும் அந்த மூவருக்கும் இடையே போன கோடுகள் அதற்குப் பிந்தியவை. அவர்கள் படுத்த பிறகுதான் அண்ணி அவர்களைப் பார்த்திருக்கிறாள். படத்தில் அது தெரியவில்லை. தேதியைத்தான் இவளே எடுத்துவிட்டாளே.

கண்காணிப்பாளரிடம் ஓடினாள். "சார், படத்தை மாத்தணும். இடமிருந்து வலமா நாள் வாரியா வச்சா வேற கதை வருது."

"நேத்து நல்லாத்தானே இருந்தது? இன்னிக்கு என்ன திடீர்னு?"

அவளுக்குப் பொய் வராது. "செ-7 எங்க அண்ணி சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அப்படின்னா நீங்க அதைத் தொடவே கூடாதும்மா. இப்ப நீங்க எதை மாத்தினாலும் சொந்தக்காரிக்காக மாத்தினதாத்தான் பேசுவாங்க. விசாரணைக் குழு பார்த்துக்கும், விடுங்க."

அவள் மாடி இறங்குவதற்குள் பட்டியல் பூட்டப்பட்டிருந்தது.

அப்புறம் ஒன்பது நாட்கள். காலையில் எழுந்தால் அண்ணி, சாயங்காலம் வந்தால் அண்ணி. இரண்டடி இடைவெளியில் ஒருத்தி பாத்திரம் தேய்க்க, ஒருத்தி கழுவ வேண்டும். அண்ணிக்குப் பேச வேறு ஆளில்லை. தினமும் இவளிடம்தான் புலம்பினாள். இவள் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டாள். ஆபீஸில் ஜன்னல் இல்லை, வீட்டில் இருந்த ஜன்னலில் அண்ணி நின்றாள். கோயிலுக்கு, கடைக்கு என்று சாக்குச் சொல்லி வெளியே போனாலும் எங்கேயும் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்கத் தோன்றவில்லை.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணி காய்கறி வாங்கப் போயிருந்தாள். இவள் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைய உட்கார்ந்தாள். நாற்பத்தோரு புள்ளியையும் ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்தியவள், எல்லாம் மனப்பாடம். முதல் நாள் இடது ஓரம், கடைசி நாள் வலது ஓரம். செ-7 நடுவிலிருந்து வலது பக்கமாக ஒதுங்கியது. ஆனால் இடது ஓரத்து மூன்று பேரையும் காய்ச்சலுக்கு முன் இணைக்க ஒரு கோடும் இல்லை. அவர்களைப் பார்த்த ஊழியர்கள்கூட வேறு வேறு ஆட்கள். அதையே முறைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை.

அண்ணி பையைக் கீழே வைக்காமல் தாளைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

"நீயா?"

"எனக்குத் தெரியாது அண்ணி. வெறும் நம்பர்தான் கொடுத்தாங்க. சத்தியமா தெரியாது."

"பத்து நாளாத் தெரியுமில்ல?"

அண்ணி பையை வைத்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்த மூணு பேரும் எந்தெந்த பெட்?"

பட்டியலில் நோயாளி எண்ணோடு பெட் எண்ணும் இருந்தது. இவள் சொன்னாள்.

"மூணு பேரும் மூணு மூலை. நர்ஸும் வேற, டாக்டரும் வேற." அண்ணி விரலால் தாளைத் தட்டிக்கொண்டே யோசித்தாள். "மூணு பேருக்குமே வயித்துல ஸ்கேன் எடுத்திருப்பாங்களே! அந்தத் தள்ளுவண்டி மெஷின்தான் எல்லா பெட்டுக்கும் போகும். ஏன்டி, உன் படத்துல மெஷினுக்குப் புள்ளி எங்க?"

பட்டியலில் மனிதர்கள் மட்டும்தான் இருந்தார்கள். மெஷினைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான்.

இவள் புதுப் புள்ளி ஒன்றை வைத்து, அண்ணி ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்லக் கோடு போட்டாள். பதினான்கு பேர் வரைக்கும் உறுதியாகச் சொல்ல முடிந்தது. அந்த மூவரும் அதில் அடக்கம்.

இவள் கொடுத்தால் செல்லாது. எனவே அண்ணியே தன் விளக்கக் கடிதத்தோடு அந்தத் தாளை இணைத்துக் கொடுத்தாள். கோட்டோடு கோடு முட்டாத அந்தக் கை யாருடையது என்று கண்காணிப்பாளருக்குத் தெரியாமல் இருக்காது. அவர் அதை அப்படியே குழுவுக்கு அனுப்பிவைத்தார். ஸ்கேன் வண்டியை நிறுத்திச் சோதித்தார்கள். வயிற்றில் தடவுகிற ஜெல்லை நிரப்பி நிரப்பி ஒரே பாட்டிலில் வைத்திருந்தார்கள். கிருமி அதில் இருந்தது.

அண்ணி மேல் தவறில்லை என்று நான்கு வரியில் ஒரு தாள் வந்தது. ஆனால் அந்தத் தாளை யாரும் போனில் அனுப்பிக்கொள்ளவில்லை. பழைய படம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. நோயாளிகளின் உறவுக்காரர்கள் அண்ணியைக் கண்டதும், "வேற நர்ஸை அனுப்புங்க" என்றார்கள். ஒரு மாதம் பல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு, துணிகளைச் சுத்தம் செய்து அடுக்குகிற பிரிவுக்கு அண்ணியே கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

புள்ளிக்காரி வேறு வேலைக்கு மாற்றச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்தாள். "உங்களை விட்டா இதை யாரும்மா செய்வா?" என்று இரண்டு முறையும் திரும்பி வந்தது. தனியாக ஒரு அறை பார்த்துக்கொண்டு போகவும் நினைத்தாள். அண்ணி விடவில்லை.

"உங்க அண்ணன்கிட்ட என்னன்னு சொல்லிட்டுப் போவ? காரணம் தெரிஞ்சா இந்த ஜென்மத்துல உன்கூடப் பேச மாட்டார். பேசாம இரு."

அதனால் இருக்கிறாள். சாப்பிட உட்காரும்போது அண்ணனுக்குச் சில நாள் திடீரென்று நினைவு வந்துவிடும். "அந்தப் படத்தை வரைஞ்சவ மட்டும் என் கையில கிடைச்சா..." என்று ஆரம்பிப்பார். இவள் தட்டை விட்டுத் தலையைத் தூக்க மாட்டாள்.

"அது ஏதோ மெஷின் போட்ட படங்க. சாப்பிடுங்க" என்பாள் அண்ணி, இவள் பக்கம் திரும்பாமலே.