ஏத்தமில்லாத வழி

அக்காவுக்கு நெஞ்சுல வால்வு பழுது. டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் ஒரே வார்த்தைதான் சொன்னாரு: ஏத்தம் ஏறக் கூடாது. சித்திரபுரத்துக்கு மேல எஸ்டேட் லயத்துல குடியிருக்குறவகிட்ட இதைச் சொன்னா அவ எங்க போவா? கடைக்கும் ஏத்தம், கோயிலுக்கும் ஏத்தம், தேயிலைக் கொழுந்து எடுக்குற காட்டுக்கும் ஏத்தம். அத்தான் கணக்கை முடிச்சுக்கிட்டு, கிறிஸ்துமஸுக்குள்ள அவளைத் திருநெல்வேலிப் பக்கம் தன் ஊருக்கே கூட்டிட்டுப் போயிடறதுன்னு முடிவு பண்ணினாரு. எமர்ஜென்சி முடிஞ்ச வருஷம் அது.

போறதுக்கு முன்னால அக்கா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். கல்லறைத் திருநாளன்னைக்கு அவ பிள்ளை குழியில ஒரு மெழுகுதிரி கொளுத்தணும். அவளுக்கு ஒரே பிள்ளை. ஒன்பது மாசத்துல காய்ச்சல் வந்து போயிடுச்சு. அப்போ அவங்க இருந்தது எஸ்டேட்டோட பழைய டிவிஷன்ல. அங்கத்தக் கல்லறையிலதான் புதைச்சாங்க. நான் அந்த நாள்ல வேற எஸ்டேட்ல இருந்தேன், குழியைக் கண்ணால பார்த்ததில்லை. "இனி மலைக்கு எங்க வரப் போறேன்? ஒரு தடவை பார்த்துட்டுப் போயிருதேன்ட்டி"ன்னா.

பழைய டிவிஷனுக்குக் குறுக்குவழியில ஒரு மணி நேரம், ஆனா மலை உச்சி வரைக்கும் ஏறி அந்தப் பக்கம் இறங்கணும். ஏறாம போக ஒரே வழி, லயத்துக்குப் பின்னால ஓடுற வாய்க்கால் கரை. வெள்ளைக்காரன் காலத்துல கரண்டுக்காக மலையைச் சுத்தி வெட்டினது. மலை மடங்குற இடத்துல எல்லாம் தானும் மடங்கிப் போகும். ஒத்தையடிக் கரையும் கூடவே மட்டமா போகும். மெதுவா நடந்தா அரை நாள். அத்தானுக்கு அன்னைக்கு லீவு கிடைக்கலை. நான்தான் கூட்டிட்டுப் போறேன்னேன். "ஒரு படிகூட ஏற விடாதே"ன்னு அவரு சொல்ல, சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

விடிஞ்சதும் கிளம்பினோம். வாய்க்கால் வாட்சர் கம்பிக் கதவைத் திறந்துவிட்டு, அக்காவைப் பார்த்துட்டு, "பதுக்கப் போயா மதி"ன்னாரு மலையாளத்துல, மெதுவா போனா போதும்னு. பதுக்கத்தான் போனோம். கரையில பர்லாங்குக்கு ஒரு கல் நட்டிருக்கும். ஒவ்வொரு கல்லுலயும் அக்கா உக்காருவா. நான் அவ காலைத் தடவி அட்டை கடிச்சிருக்கான்னு பார்த்து, உப்பு வைப்பேன். ஒரு மணி நேரம் நடந்து திரும்பிப் பார்த்தா, ஓடைக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்துல எங்க லயத்துப் புகை தெரியுது.

அவ மூச்சு இழுக்குற சத்தம் வாய்க்கால் தண்ணிச் சத்தத்தையும் மீறிக் கேட்டுச்சு. எனக்குப் பயம். பயம் வந்தா எனக்குக் கோபமாத்தான் வெளிய வரும், பிறவிக் குணம். "பிள்ளை போயி பத்து வருஷமாச்சு, அது திரி வேணும்னு அழுதுச்சா? உனக்குத் திரி கொளுத்த வச்சிடாதே"ன்னு ஏசினேன். அவ சிரிச்சா. "இந்த வாய்க்காலுக்குத் தண்ணியை அடைக்கப் போட்ட மாதிரி உன் வாய்க்கும் ஒரு ஷட்டர் போட்டிருக்கணும்ட்டி, வெள்ளைக்காரன் மறந்துட்டுப் போயிட்டான்"ன்னா. ஓடைக்கு மேல வாய்க்கால் இரும்புத் தொட்டியில போற இடத்துல என் தோளைப் பிடிச்சுக்கிட்டு வந்தா. கை இருக்குறதே தெரியலை, அவ்வளவு இளைச்சுப் போயிருந்தா.

போய்ச் சேர உச்சி சாஞ்சிடுச்சு. சாமியார் காலையிலயே குழியையெல்லாம் மந்திரிச்சுட்டுப் போயிட்டாரு, ஒரு ஆள் இல்லை. கல்லறை எங்க காலுக்குக் கீழே சரிவுல இருந்துச்சு. கரையில இருந்து அதுக்குக் கருங்கல் படி இறங்குது. அக்கா முந்தானையை இழுத்துச் சொருகினா.

"எங்க போற?" ன்னேன்.

"இறங்கத்தானே போறேன். இறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலையே."

"பிறகு எப்படி ஏறுவ? அங்கேயே படுத்துக்கிடப் போறியா?"

சொன்ன பிறகுதான் எந்த இடத்துல நின்னு என்ன சொல்லிட்டேன்னு உறைச்சது. சொருகின முந்தானையை அவ உருவி விட்டா. கடைசிக் கல்லுல உக்காந்து, திரியையும் தீப்பெட்டியையும் என் கையில கொடுத்தா. சவுக்கு மரத்துக்கு அந்தப் பக்கம்னு கையைக் காட்டினா.

இறங்கிப் போனேன். மரத்தடியில சின்னச் சின்ன குழியா ஏழெட்டு இருக்கு, எதுலயும் குருசு இல்லை. மஞ்சு மூட்டம் இறங்க ஆரம்பிச்சிருந்துச்சு. ஒண்ணுகிட்ட நின்னு, "இதுவா?"ன்னு கத்தினேன். மேலேருந்து கை ஆட்டினா. சரிங்குறான்னு எடுத்துக்கிட்டேன். புல்லைப் பறிச்சுச் சுத்தம் பண்ணி, திரியைக் கொளுத்தி, ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தா, அக்கா முக்காடு போட்டுக் கும்பிட்டுக்கிட்டு இருந்தா. திரும்பி வரும்போது அவ பேசவே இல்லை. களைப்புன்னு நினைச்சேன். சத்தியத்தைக் காப்பாத்திட்டேன்னு எனக்கு ஒரே பெருமை.

தவக்காலத்துல அக்கா ஊர்ல செத்துப் போனா. முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தப்போ அத்தான் ஒண்ணு சொன்னாரு. அன்னைக்கு நான் கொளுத்தினது அவ பிள்ளை குழியில இல்லையாம். பிள்ளையோடது அதுக்கு ரெண்டு குழி தள்ளி, ஒரு வெள்ளைக் கல்லு கிடக்குற குழியாம். அவ மேலேருந்து கை ஆட்டினது, அது இல்லைன்னு சொல்லத்தான். பிறகு விட்டுட்டாளாம். "பாவம், காலையில இருந்து ஏசி ஏசி அவளுக்கும் களைப்பு. அதுவும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே, எரியட்டும்"னு அத்தான்கிட்ட சொன்னாளாம்.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு ரெண்டு திரி வாங்கிக்கிட்டு அதே வாய்க்கால் கரையில தனியா போனேன். வெள்ளைக் கல்லு அங்கதான் கிடந்துச்சு. அதுக்கு ஒண்ணு, போன வருஷத்துக் குழிக்கு ஒண்ணு கொளுத்தினேன். திரும்பிப் படியேறும்போது எண்ணிக்கிட்டே வந்தேன். நாப்பத்து மூணு. எனக்கு மூச்சுகூட வாங்கலை. எப்படி வாங்கும்? தினமும் ரெண்டு நேரம் கொழுந்து மூட்டையைத் தலையில வச்சு இதைவிடச் செங்குத்தான சரிவுல ஏறுறவ நான்.

கடைசிப் படியில அப்படியே உக்காந்துட்டேன். அன்னைக்கு அக்கா ஒரு கொழுந்து மூட்டை கனம்கூட இருந்திருக்க மாட்டா. அவளைக் கீழே இறங்கவிட்டு, அவ பிள்ளைக்கு அவ கையாலயே கொளுத்தவிட்டு, முதுகுல தூக்கிக்கிட்டு ஏறி வந்திருக்கலாம். அந்த யோசனை எனக்கு வரலை. ஏசத்தான் வந்துச்சு.