பின் விளக்கு

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் பிராண்டே நகரில், எங்கள் தொழிற்சாலைக்கு எதிரே உள்ள பெற்றோல் நிலையத்தில் தமிழர் ஒருவரைக் கண்டேன். நரைத்த தாடி. எவ்வளவு கழுவியும் கிறீஸ் போகாத விரல்கள். உயர்த்திக் கட்டிய பிக்கப்பின் பின்னே அறையளவு பெரிய மூடிய டிரெய்லர். வண்டி உயரமென்பதால் டிரெய்லரின் மூக்கு மேலே தூக்கி நிற்காதிருக்க, கொக்கியைத் தாழ்த்தித் தானே பொருத்தியிருந்தார். டிரெய்லர் சமமாக நிற்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார், நாலடி நடப்பார், திரும்பி வந்து மறுபடியும் வைப்பார்.

பிறகு ஏறி, நிலையத்துக் கடையின் கண்ணாடிச் சுவரை நோக்கி வண்டியைப் பின்னோக்கி எடுத்தார்.

"அண்ணை, கண்ணாடி!" என்று கத்தினேன்.

"பயப்பிடாதேங்கோ தம்பி. பின் லைற் எரியுதோ எண்டு அந்தக் கண்ணாடியிலைதான் பாக்கிறனான்."

"ஆரையும் பின்னுக்கு நிண்டு பாக்கச் சொல்லலாமே?"

"ஆரைச் சொல்லுறது?"

நான் போய் நின்றேன். அவர் பிறேக்கை அழுத்தினார்.

"எரியுதோ?"

"ஓம் அண்ணை, ரெண்டும் எரியுது. என்ன ஏத்தப் போறியள்?"

"வீட்டுச் சாமான். பிரிச்சதிலை என்ரை பாதி மட்டும்."

"இன்னொருக்காப் பாருங்கோ தம்பி" என்றார். பார்த்துச் சொன்னேன். மூன்றாம் முறையும் கேட்டார். மூன்றாம் முறையும் "ஓம்" என்றேன்.

இப்போதும் குளிர்காலக் காலைகளில் என் மனைவியைக் காருக்குப் பின்னால் நிற்கச் சொல்வேன். அவள் நடுங்கிக்கொண்டு, "எரியுது, எரியுது, பிறேக்கிலை இருந்து காலை எடுங்கோ" என்று சினப்பாள். நான் உடனே எடுப்பதில்லை.