சூட்டைத் தணிக்கிற மருந்து

எங்கள் வீட்டில் நோய் என்றால் இரண்டே வகைதான். ஒன்று சூடு, இன்னொன்று குளிர்ச்சி. கண் எரிந்தால் சூடு, மூக்கு ஒழுகினால் குளிர்ச்சி. சூட்டுக்கு மோரும் வெந்தயமும், குளிர்ச்சிக்கு மிளகு ரசமும் நொச்சித்தழை ஆவியும். இவ்வளவு தெளிவாக இருந்த என் மருத்துவ அறிவை ஒரேயடியாகக் குழப்பிவிட்டது என் வீட்டுக்காரரின் மூச்சுக்குழாய்.

அவர் டிராக்டரில் மக்காச்சோளம் அடிக்கிற மெஷினைக் கோத்துக்கொண்டு சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் களம் களமாகப் போகிறவர். மெஷின் ஓடும்போது ஆளை மறைக்கிற அளவுக்குத் தூசி கிளம்பும். அதில் சுணை கலந்திருக்கும். மேலே பட்டால் அரிக்கும், அதனால் வீட்டுக்கு வந்ததும் குளித்துவிடுவார். உள்ளே போனதை எப்படிக் கழுவுவது என்று நாங்கள் இருவருமே யோசித்ததில்லை. வாயில் துண்டைக் கட்டுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்குத்தான் வாய் வலித்தது. துண்டு கழுத்திலேயே கிடக்கும். கடைசியில் இருமல் வந்து குடியேறியது. காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் இருமி, சளியைத் துப்பிவிட்டுத்தான் டீயே குடிப்பார்.

கள்ளக்குறிச்சியில் டாக்டரம்மா ஒருவரிடம் காட்டினோம். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், ஒரு மெஷினில் ஊதச் சொன்னார், பிறகு மூச்சுக்குழாயில் அழற்சி என்றார். நான் தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். மனுவும் எழுதிக் கொடுப்பேன். நல்ல தமிழில் எழுதுகிறேன் என்று நாலு பேர் சொல்லியும் இருக்கிறார்கள். அந்தக் கர்வத்தில் அர்த்தம் கேட்கவில்லை. அழல் என்றால் நெருப்பு, அப்படியானால் அழற்சி என்றால் சூடு என்று நானே முடித்துக்கொண்டேன். டாக்டரம்மாவும் எனக்கு ஒத்தாசை செய்வதுபோல, வாயில் வைத்து இழுக்கிற ஒரு மருந்தைக் கொடுத்து, அது அழற்சியைத் தணிக்கும், ரெண்டு வேளையும் இழுக்கணும், நல்லாயிருக்கு என்று நிறுத்திவிடக் கூடாது என்றார்.

தணிக்கும் என்ற சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எங்கள் வீட்டில் சூட்டைத் தணிப்பது மோர். ஆகவே இந்த மருந்தும் மோர் ஜாதி. ஆனால் அவர் துப்புவதோ சளி, சளி என்பது குளிர்ச்சி. உள்ளே நெருப்பு, வெளியே வருவது பனியா? ஒரே தொண்டைக்குள் இரண்டும் எப்படி இருக்கும்? வாசல் வரை போனவள் திரும்பி வந்து இதைக் கேட்டேன். பின்னால் வரிசை நின்றிருந்தது. டாக்டரம்மா சிரித்து, ரெண்டும் ஒரே நோய்தாங்க என்றார். எனக்குக் குழப்பம் ஜாஸ்திதான் ஆயிற்று.

ஆனாலும் மருந்து வேலை செய்தது. இரண்டு மாதத்தில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது கம்மியானது. காலை இருமல் மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் கண்ணை மூடி மௌனமாக ஜெபம் பண்ணும்போது சரியாக அவருக்கு இருமல் வரும். முன்வரிசைத் தலைகள் திரும்பும். எனக்கு மானம் போகும். அப்போது என் ஜெபமெல்லாம் இந்த இருமல் நிற்க வேண்டும் என்பதாகத்தான் இருந்தது.

டிசம்பர் கடைசியில் கரியாலூருக்குப் புறப்பட்டோம். என் தங்கை அங்கே டீச்சர். குழந்தைக்கு முதல் பிறந்தநாள், வீட்டில் ஜெபக்கூட்டம். பையில் துணி அடுக்கும்போது அந்த மருந்தைக் கையில் எடுத்தேன். கல்வராயன் மலைக் குளிருக்கு யாராவது மோர் கொண்டுபோவார்களா? திரும்ப ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா, அத்த எடுத்துக்கலயா?”

“மேல பனியா கெடக்குது. தணிக்கிற மருந்த அங்க இழுத்தா சளி கட்டிக்கும். மூணு நாளு தானங்க.”

சரி என்றுவிட்டார். துண்டு கட்டச் சொல்லி நான் கத்தியபோதெல்லாம் காதில் வாங்காத மனிதர், இதை மட்டும் மறுபேச்சில்லாமல் கேட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அவர்மேல்தான் கோபம் வருகிறது. நியாயமில்லைதான், ஆனாலும் வருகிறது.

மலையில் முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் மூடுபனி, போதாக்குறைக்கு வெந்நீர் அடுப்பின் ஈர விறகுப் புகை. இருமல் ஏறியது. சாயங்காலம் ஜெபக்கூட்டம். தங்கையின் பள்ளிக்கூடத்து ஆட்கள் எல்லாரும் வருவார்கள், போதகர் வருவார். மருந்துக் கடையில் இருமலை அடக்குகிற சிரப் ஒன்று வாங்கி வந்தேன். ஒரு மூடி என்று போட்டிருந்தது. நான் இரண்டு மூடி கொடுத்தேன்.

இருமல் நின்றுவிட்டது. ஜெபம் முடியும்வரை அவர் ஒரு சத்தம் போடவில்லை. கேக் வெட்டினோம், பாட்டுப் பாடினோம், பிரியாணி சாப்பிட்டோம். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆண்டவருக்கு நன்றிகூடச் சொன்னேன்.

மறுநாள் விடிந்து பார்த்தால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றி, தோள் ஏறி இறங்க மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் விசில் அடிக்கிற சத்தம். இருமல்தான் வரவில்லை. என்ன பண்ணுது என்று கேட்டதற்கு ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியவில்லை.

“உள்ளயே... நிக்குது... இரும வரல.”

தங்கை வீட்டுக்காரர் காரில் மலையை விட்டு இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அவர் தலை என் தோளில் வந்து மோதியது. உதடு நிறம் மாறியிருந்தது. இந்த ஆள் என் மடியிலேயே போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். ஜெபம் பண்ணப் பார்த்தேன். இருமல் வர வேண்டும் என்று கேட்பதா, மூச்சு வர வேண்டும் என்று கேட்பதா என்று தெரியாமல் வாய் உளறியது.

கள்ளக்குறிச்சியில் உடனே படுக்கவைத்து, முகத்தில் மாஸ்க் மாட்டிப் புகை மருந்து கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். மத்தியானம் கொஞ்சம் தெளிந்தார். டாக்டரம்மா வந்து, இழுக்கிற மருந்தை ஏன் நிறுத்தினீர்கள் என்றார். நான் மோரையும் பனியையும் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

மூச்சுக்குழாயின் உள்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பொடி மயிர் இருக்கிறதாம். அதன்மேல் மெல்லிசாகச் சளி. நாம் இழுக்கிற தூசி அந்தச் சளியில் ஒட்டிக்கொள்ளும். மயிர்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து அசைந்து அதை மேலே மேலே தள்ளிக்கொண்டே வரும். தொண்டைக்கு வந்ததும் நமக்கே தெரியாமல் விழுங்கிவிடுவோம். அழற்சி வந்தால் சுவர் வீங்குகிறது. சளி ஜாஸ்தியாகிறது, கெட்டியும் ஆகிறது. மயிர்கள் சில உதிர்கின்றன, மிச்சம் இருப்பவை ஆளுக்கொரு பக்கம் ஆடுகின்றன. குப்பை சேர்கிறது, தள்ள ஆளில்லை.

“அப்ப சளின்றது நோயில்லையா?” என்று கேட்டேன்.

“சளி எல்லாருக்கும் வேணுங்க. கெட்டியாயி நின்னுட்டாதான் நோயி. இவருக்கு அத்த வெளிய கொண்டாற இருமல் ஒண்ணுதான் இருந்துச்சி. நீங்க அத்தையும் நிறுத்திட்டீங்க.”

மாஸ்க்குக்குள்ளிருந்து வீட்டுக்காரர், சோளக்கதிருக்குத்தான் மயிரு இருக்குதுன்னு நெனச்சேன் என்றார். டாக்டரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மயிர் திரும்ப முளைக்குமா என்று மட்டும் கேட்டேன். மருந்தை விடாமல் இழுத்து, தூசியும் புகையும் போகாமல் பார்த்துக்கொண்டால் நிறைய திரும்ப வரும் என்றார். அழல் என்றால் நெருப்புதானே என்பதையும் விடாமல் கேட்டேன். பேர் அப்படி வைத்திருக்கிறார்கள், அதற்காக மோர் கொடுத்து அணைக்க முடியாது என்றார்.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். இப்போது மாஸ்க் போடாமல் மெஷின் பக்கம் போவதில்லை. எனக்குக் குழப்பம் மட்டும் தீரவில்லை. ரசம் வைக்கும்போதும் மோர் கடையும்போதும் ஒரு நொடி கை நிற்கிறது. நாற்பது வருடம் நம்பியதை நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் ஒருவர் கலைத்துவிட்டுப் போனால் என்னதான் செய்வது? சத்தம் இல்லாவிட்டால் சுகம் என்று நினைத்திருந்தேன். இப்போது வீடு அமைதியாக இருந்தால் எழுந்துபோய் அவரைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மௌன ஜெபம். பக்கத்தில் அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன். உதட்டை இறுக்கி, கண்ணில் நீர் முட்ட, இருமலை அடக்கிக்கொண்டிருந்தார். எனக்காகத்தான் அடக்குகிறார் என்று புரிந்தது.

அவர் காதருகில் போய்ச் சொன்னேன்.

“அடக்காதீங்க. இருமுங்க.”

இருமினார். கோயிலே அதிர்வதுபோல நாலைந்து தரம் இருமினார். முன்வரிசைத் தலைகள் திரும்பின. நான் கைக்குட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு, கண்ணை மூடி ஆமென் சொன்னேன்.