ஒரு வீட்டைத் தாண்டிப் போன மாதா

எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துக்கு நான்தான் பொறுப்பு. வாரா வாரம் மாதா சுரூபத்தை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்து, எல்லோரும் அங்கே தரையில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வோம்.

நடவு வேலைக்குப் போகும் மேரிக்குத் தெருக்கடைசியில் மண்தரை போட்ட ஒற்றை அறை வீடு. ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தாண்டிவிடுவேன். "உனக்கு எதுக்கு மேரி சிரமம்" என்பேன். அவளும் சிரித்துக்கொள்வாள். அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருந்தேன்.

போன வாரம் சுரூபத்தோடு போகும்போது மழை பிடித்துக்கொண்டது. அவள் வீட்டில் ஒதுங்கினேன். சுவரில் ஒரு பலகை. நீலத்துணி விரித்து, ஓரத்தில் சீரியல் பல்பு சுற்றியிருந்தது. மேலே எதுவுமில்லை.

"இது எதுக்கு மேரி?"

"மாதாவுக்குத்தான்க்கா. நம்ம முறை வந்தா வைக்கணும்னு அவரு அடிச்சுக் குடுத்தாரு."

"சிரமமா இருக்கும்னுதான்..."

"சிரமம்னு நான் எப்பக்கா சொன்னேன்?"

கோபமே இல்லாமல் கேட்டாள். பிறகு தயங்கி, "மழை விடுற வரைக்கும் மாதாவை இங்க வைக்கலாமாக்கா?" என்றாள்.

மாதாவைத் தன் வீட்டில் வைக்க என்னிடம் அனுமதி கேட்கிறாள். சுரூபத்தை நீட்டினேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்தத் தரையில் உட்காரும் சிரமம் எனக்குத்தான் இருந்திருக்கிறது.