உப்புக் கிடங்குக்காக அலைகிறவள்

சாப்பிடும்போதுகூட டோரதியின் இடது கை மேசைமேல் தட்டச்சு செய்துகொண்டே இருக்கும். ரசம் ஆறிப்போகும். "கையை அடக்கு" என்றால், "அது என் பேச்சைக் கேட்டா நான் ஏண்ணா இப்டி கீறேன்?" என்பாள்.

என் தங்கை. நான் எட்டாவதோடு துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டப் போனவன். அவளோ ராயபுரத்திலிருந்து கோட்டைப் பக்கம் அரசு அலுவலகத்துக்குத் தட்டச்சு வேலைக்குப் போகிறாள். சேலை மடிப்பு சாயங்காலம் வரை கலையாது. செருப்புதான் தாங்குவதில்லை.

செருப்பைத் தேய்ப்பது எங்கள் தெருமுனை உப்புக் கிடங்கு. அப்பா இன்னாசி மூட்டை சுமந்த இடம். செங்கல் வளைவுகளில் இன்னும் உப்புப் பூத்திருக்கிறது. இடித்துவிட்டு நிலக்கரி கொட்டப்போகிறார்கள். உலகமே காக்கவேண்டிய இடங்களுக்கு வெளிநாட்டில் ஒரு பட்டியல் தொடங்கியிருக்கிறது. டெல்லி கேட்டதால் இவள் அலுவலகமும் பெயர்கள் அனுப்புகிறது. அதில் ஏறிவிட்டால் கடப்பாரை வைக்கத் தயங்குவார்கள் என்று டோரதி நம்புகிறாள்.

இடத்துக்குச் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டுமாம். தரை ஓர் இலாகாவுக்கு, சுவர் இன்னொன்றுக்கு, உள்ளே வரும் தண்டவாளம் வேறொன்றுக்கு. மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் பஸ்ஸில் போயிற்று. "பேஜாருண்ணா. மொதல்ல அவன் கையெழுத்து போடட்டும்னு ஒவ்வொருத்தனும் சொல்றான்."

போன வாரம் மேலதிகாரி முடித்துவிட்டார்: அமைச்சர் தொகுதிக் கோயில் ஒன்று போதும். "ஏம்மா, உப்பு மூட்டை வச்ச எடத்தைப் பார்க்க எவன் கப்பலேறி வருவான்?" அந்தக் கடிதத்தையும் டோரதியே தட்டச்சு செய்தாள். பிழை ஒன்றில்லை.

எதிர்வீட்டுச் சிலுவையம்மாள் சிரித்தாள். "இன்னாடி, உன் கெடங்கு டெல்லி போய் சேந்துச்சா?"

"சிரிக்காதக்கா. திருநாள் சப்பரம் எந்தத் தெருவுல திரும்பணும்னு அந்தோணியாரா சொல்றாரு? கமிட்டில குந்திகினு கீறவன் சொல்றான். இதுவும் அப்டித்தான்."

எங்கள் தெருவுக்குள் சப்பரம் வருவதில்லை; முனையோடு போய்விடும். ஆனாலும் வருடந்தோறும் தெருமுனையில் மேசை போட்டு, வெள்ளைத்துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி நிற்போம். சப்பரம் தூக்குகிறவர்களுக்கு அதைத் தாண்டிப் போக மனம் வராது. இறக்கிவைத்து, செபம் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள்.

இன்று காலை டெல்லி அதிகாரியின் கார் அமைச்சர் தொகுதிக் கோயிலைப் பார்க்க எங்கள் தெருமுனையைக் கடந்து வடக்கே போகப்போகிறது. டோரதி இட்லியைப் பாதியில் விட்டு எழுந்தாள். தட்டுகளைத் தரைக்கு இறக்கினாள். திருநாள் துணியை உதறி மேசைமேல் போட்டாள். பிறகு மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தாண்ட புடிண்ணா."