ஹோம் ரன் சுந்தரம்

சிங்கப்பூர்த் தேக்காவில் போய்ச் சுந்தரம் என்று கேட்டால், எந்தச் சுந்தரம் என்பார்கள். ‘ஹோம் ரன்’ சுந்தரம் என்று சொல்லிப் பாருங்கள், காப்பிக்கடையில் பாதிப் பேர் எழுந்து வழி காட்டுவார்கள். துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருடம் கிரேன் ஓட்டிய மனிதர். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஊருக்கு வேண்டியது அந்த ஒரே ஒரு அடிதான்.

எண்பத்தாறாம் வருடம் ஃபேரர் பார்க் திடலில் சாஃப்ட்பால் இறுதியாட்டம். துறைமுகக் குழு மூன்று ஓட்டம் பின்தங்கியிருந்தது. மூன்று தளங்களிலும் ஆள் நிற்க, கடைசி ஆளாகச் சுந்தரம் இறங்கினார். அவர் மட்டையை வீசிய வீச்சில் பந்து வேலியைத் தாண்டிச் சாலையில் போய் விழுந்தது. நான்கு பேரும் ‘ஹோம்’ என்கிற புறப்பட்ட தளத்துக்கே ஓடி வந்து சேர்ந்தார்கள், கோப்பை கைக்கு வந்தது. அதற்கு முன்னும் அவர் அப்படி அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை. கல்யாணமாகி மூன்றே மாதமான பூவம்மா, வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, “ஹோம், ஹோம்” என்று தொண்டை கிழியக் கத்தினாள். அந்த ஆட்டத்தில் அவளுக்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான்.

இப்போது பூவம்மாவுக்கு மறதி நோய். பெற்ற மகள் ரக்ஷனாவையே “யாரும்மா நீ?” என்கிறாள். இரண்டு முறை வீட்டைவிட்டு இறங்கிப் போய் சிராங்கூன் சாலை நடுவில் நின்றாள். சுந்தரத்துக்கும் முழங்கால் போய்விட்டது. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தவளை அவரால் தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை அவரும் ஈரத்தரையில் அவளோடு உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, உங்களால முடியாது லா. ஹோம்ல இடம் கெடச்சிருக்கு, அடுத்த வாரம் அம்மாவ அட்மிட் பண்ணணும்,” என்றாள் ரக்ஷனா.

முதியோர் இல்லத்தை இங்கே யார் முதியோர் இல்லம் என்கிறார்கள்? ஹோம்தான். கேட்டாலே பெரியவர்களுக்கு முகம் செத்துவிடும். இதற்கென்று வேறு சொல்லா கிடைக்கவில்லை, பாழாய்ப் போனவர்களுக்கு.

ஒரு வாரமும் சுந்தரத்துக்குச் சொல்ல வாய் வரவில்லை. போக வேண்டிய காலையில் அவளுக்குத் தலை வாரிவிட்டு, தரையைப் பார்த்தபடி, “பூவு, இன்னைக்கு ஹோமுக்குப் போறோம்,” என்றார். அவள் அழட்டும் என்று காத்திருந்தார். ஒரு சொட்டு அழுதாலும் மகளிடம் முடியாது என்று சொல்லிவிடுவதாக இருந்தார்.

பூவம்மாவின் முகம் மலர்ந்தது. “மேட்ச்சா? இருங்க, நல்ல சேல கட்டிக்கிட்டு வந்துடறேன்.”

 மேட்ச் இல்லை என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கோழைத்தனம்தான், ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் சொல்ல முடியும்? ஹோம் இருக்கும் உட்லண்ட்ஸ் போய்ச் சேரும்வரை டாக்சியில் அவள் வாய் ஓயவில்லை.

ஹோமின் கூடத்தில் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. முன்வரிசையாகப் பார்த்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். தாதி கையெழுத்து வாங்கிக்கொண்டு, “அங்கிள், மொத ரெண்டு வாரம் வராதீங்க. அவங்க பழகணும்,” என்றாள்.

போய்விட்டு வருகிறேன் என்று சொல்லத்தான் அவர் குனிந்தார். பூவம்மா முந்திக்கொண்டாள்.

“நீங்க போய் ஆடுங்க, நான் இங்கேயே உக்காந்திருக்கேன். முடிஞ்சதும் என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க.”

“மாட்டேன் பூவு,” என்றார் சுந்தரம்.