ரீப்ளேஸ் ஆல் கொடுத்த மத்தியானம்

தொண்ணூறுகளின் கடைசியில் தி.நகரில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலைக்குச் சேர்ந்தேன். அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசி அனுப்பும் ஆடியோவைக் கேட்டு ரிப்போர்ட் டைப் அடிக்க வேண்டும். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் என்ற தெனாவெட்டு எனக்கு. காலை வாரியவை உடம்பின் லத்தீன் பெயர்கள்தான். முதுகெலும்பில் ஒன்று என்றால் வெர்டிப்ரா, பல என்றால் வெர்டிப்ரே. மூச்சுக்குழாய்க் கிளை ஒன்று என்றால் பிராங்கஸ், பல என்றால் பிராங்கை.

புரொபேஷன் முடிய நாலே நாள். குவாலிட்டி பார்க்கும் பத்மா மேடம் நர்ஸாக இருந்தவர். என் ரிப்போர்ட்டெல்லாம் சிவப்பு வட்டம்.

"டாக்டர் பல எலும்பைச் சொல்றார், நீ ஒண்ணுன்னே அடிக்கறியே! இன்னொரு தடவை இப்படி வந்தா வேலை கன்ஃபர்ம் ஆகாது, பாத்துக்கோ."

நான் ஒரு முந்திரிக்கொட்டை. அன்றைய பதினோரு ரிப்போர்ட்டிலும் 'ரீப்ளேஸ் ஆல்' கொடுத்து, எல்லா வெர்டிப்ராவையும் வெர்டிப்ரே ஆக்கிவிட்டு, ஷிஃப்ட் முடிந்ததென்று கிளம்பிவிட்டேன். ஆடியோவைத் திரும்பக் கேட்கவே இல்லை.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் அந்தப் பதினொன்றில் ஒன்று ஞாபகம் வந்தது. மாடிப்படியில் விழுந்த ஓர் அம்மாவுக்கு ஒரே எலும்புதான் உடைந்திருந்தது, மறுநாள் ஆபரேஷன். பாவி, நான் பலவாக உடைத்துவிட்டேனே! சொன்னால் வேலை போகும். வீட்டில் என் சம்பளம்தான் சாப்பாடு. ஆனாலும் கால் ஆபீஸுக்குத்தான் திரும்பியது.

"இன்னா மேடம், வூட்டுக்குப் போவல?" என்றார் சிஸ்டம்ஸ் பார்க்கும் குமார்.

"ஃபைல் அமெரிக்கா போயிடுச்சா?"

"இன்னும் ஒரு மணி நேரம் கீது."

பத்மா மேடத்திடம் அழுதுகொண்டே சொன்னேன்.

"கழுதை! காது எதுக்குடி இருக்கு?" என்றவர், சாப்பிட எடுத்த டிபன் பாக்ஸை மூடினார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஆறு ஃபைலை அவர் எடுத்தார். ஐந்தை என்னிடம் தள்ளினார். நேரத்துக்குள் எல்லாவற்றையும் கேட்டுத் திருத்தினோம்.

"மேடம், நாளைக்கு நான் வரலாமா?"

"தப்பா அடிச்சா சொல்லிக் கொடுத்துக்கலாம். நீ மறைச்சிருந்தேன்னா உன்னை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? காலைல ஆறு மணிக்கு வந்துடு."

கேட்காமல் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன். பத்மா மேடத்துக்கு நான் பட்ட நன்றிக்கடன் இந்த ஜென்மத்தில் தீராது. மறுநாள் அந்த அம்மா, உடைந்த ஒரே எலும்போடுதான் ஆபரேஷனுக்குப் போனார்.